மூன்றாவது அறிவித்தல்

முதல் ஞாயிற்றுக்கிழமை மைக் செத்தபோது யூட்சன் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம் பார்த்துச் செத்தபோதுதான் அவனுக்கு ஈரக்குலை நடுங்கியது.

நடுங்காமல் என்ன செய்வது? முல்லைத்தீவுக் கரையில் கோயில் திருநாளோ, கலியாண வீடோ, தண்ணீரூற்றுப் பக்கத்தில் ஒரு பொங்கலோ, சவுண்ட்ஸ் என்றால் யூட்சன்தான். அடுத்தவன் கட்டிய ஸ்பீக்கர் இரைந்தால் நின்று கேட்டுவிட்டு, நாக்கை 'ச்ச்' என்று அடித்துப் போகிற ஆள். அப்படிப்பட்டவனின் சொந்தக் கோயிலில், சொந்தத் தங்கச்சியின் கலியாண அறிவித்தலை வாசிக்கும்போது மட்டும் மைக் வாயை மூடிக்கொண்டால் ஊர் சும்மா இருக்குமா? அவன் நாக்கடித்த அத்தனை பேரும் இப்போது நாக்கடித்தார்கள்.

வேதக்காரருக்கு, அதாவது கத்தோலிக்கருக்கு, இந்த வழக்கம் உண்டு. கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசை முடிகிற நேரம், மாப்பிள்ளை பொம்பிளையின் பெயர்களைப் பாதர் கோயிலில் வாசிப்பார். அந்தக் கரையில் அதற்கு மேலும் ஒரு நம்பிக்கை இருந்தது. மூன்று தரமும் சனத்தின் காதில் விழவேண்டும், விழாவிட்டால் அந்தக் கலியாணம் செல்லாது என்பார்கள். அப்படி எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்று ஒருவரும் பாதரிடம் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் வரவில்லை, ஏனென்றால் அதுவரை எல்லா அறிவித்தலும் ஒழுங்காகக் கேட்டன.

முதல் ஞாயிறு நடந்தது இதுதான். நற்கருணை கொடுத்து முடித்துப் பாதர் வாசகமேடைக்கு வந்தார். சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவில், புல் வெட்டுகிற சிரமதானம் பற்றிச் சொன்னார், துலாம்பரமாகக் கேட்டது. மறைக்கல்வி வகுப்பு நேரம் மாறியதைச் சொன்னார், அதுவும் கேட்டது. "திருமண அறிவித்தல்" என்று அடுத்த தாளைப் புரட்டினார். அவ்வளவுதான். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. முன் வாங்கில் இருந்த நாலைந்து பேரைத் தவிர ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பாதர் பூசை உடுப்பு மாற்றுகிற பின்னறையில்தான் அம்பிளிபயர் இருந்தது. யூட்சன் அதன் குமிழ்களைத் தலைகால் தெரியாமல் திருகினான். அறிவித்தல் முடிந்தது. கடைசி ஆசீர்வாதத்துக்குப் பாதர் கையை உயர்த்தியதும் மைக் தன்பாட்டில் உயிர்த்தெழுந்து "பிதா சுதன்" என்று முழங்கியது.

"உப்புக்காத்து" என்றான் யூட்சன், கேட்டவர்களுக்கெல்லாம். "செம்பு பச்சை பிடிச்சிருக்கும். நான் பாக்கிறன்."

பார்க்கவும் செய்தான். வயரின் இரண்டு நுனியையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஈயம் வைத்து ஒட்டினான். மீற்றரை வைத்துப் பார்த்தான், சுகமாகக் 'கீங்' என்றது. மைக்கை மாற்றினான். வயரை ஆட்டிப் பார்த்தான், மிதித்துப் பார்த்தான், சுருட்டி விரித்துப் பார்த்தான். வெறுங் கோயிலில் நின்று "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ரிங்" என்று தொண்டை கட்டும்வரை கத்தினான். டொக்டரைக் கண்டதும் எழும்பி உட்காருகிற நோயாளி மாதிரி வயருக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டாம் ஞாயிறு சிரமதானத்துக்கு நன்றி சொன்னபோது மைக் வேலை செய்தது. கலியாணத்துக்குச் செத்தது. ஆசீர்வாதத்துக்கு மறுபடி எழும்பியது.

அன்றைக்கு மத்தியானமே அனிஸ்ரனின் தாய் வீட்டுக்கு வந்துவிட்டா. அனிஸ்ரன்தான் மாப்பிள்ளை, இரண்டு மீன்பிடி போட்டும் ஒரு நல்ல பெயரும் உள்ளவன், யூட்சனோடு ஒன்றாகப் படித்தவன். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததே யூட்சன்தான். தகப்பன் யோசெப் கண்ணை மூடிய பிறகு வீட்டில் எந்த முடிவும் அவன் முடிவு.

"தம்பி, ஒருக்கா எண்டால் வயர்" என்றா அந்த மனிசி, கதிரையில் இருக்காமலே. "ரெண்டு தரம் எண்டால் அது வயர் இல்லை."

"மாமி, வயர்தான். நான் நிச்சயமாச் சொல்லுறன்."

"வாற ஞாயிறும் இப்பிடி எண்டால் நாங்கள் வேற இடம் பாக்கிறம். கோவிக்காதேங்கோ. எனக்கு ஒரே பிள்ளை."

அவா போனதும் யூட்சனின் தாய் புனிதமலர் மாதா படத்துக்கு முன்னால் குந்தியிருந்து ஒரு பாட்டம் அழுதா. "உன்ர தங்கச்சியின்ர பேர் வாசிக்கேக்க மட்டும் ஏனடா சத்தம் போகுது? ஊரெல்லாம் கேக்கிறாங்கள். நான் என்ன மறுமொழி சொல்ல?" கோயிலில் பாடப் போன சேலையைக்கூட மாற்றாமல் தங்கச்சி ஆன்சலா குசினியில் இருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "ஆறப்போகுது அண்ணா, குடி" என்றாள். தலையைக் குனிந்துகொண்டு குசினிக்குத் திரும்பினாள். கலியாணப் பொம்பிளைக்கு வெட்கமும் பயமும் இருக்கத்தானே செய்யும் என்று யூட்சன் நினைத்துக்கொண்டான். அவன் எதையும் இப்படித்தான் தன்பாட்டில் நினைத்து முடித்துவிடுவான்.

பாதரும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "யூட்சன், வாற ஞாயிறு கடைசி அறிவித்தல். திங்கள் கலியாணம், புதன் விபூதிப் புதன். தபசு காலம் தொடங்கினால் நாப்பது நாளைக்குக் கலியாணம் இல்லை, பிறகு பாஸ்காவுக்குப் பின்னாலதான் எண்டு உமக்குத் தெரியும். இந்த முறையாவது அந்த மைக்கைக் கதைக்கப் பண்ணும்."

சனிக்கிழமை காலை அவன் பழைய வயரை முழுதாகக் கழற்றி வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தான். மீற்றரை இந்த முறை தொடவில்லை. அவன் மீன்பிடிக்காரன் மகன். கடலில் இறங்கினால் தலை சுற்றிச் சத்தி எடுக்கிறவன் என்பதால்தான் சவுண்ட்ஸ் பக்கம் ஒதுங்கினான். ஆனால் கரையில் இருந்து வலை பார்க்கத் தெரியும். வலையில் கிழிசலைக் கண்ணால் தேடக்கூடாது, விரலால் தேடவேண்டும். கண் களைத்துப் பொய் சொல்லும். அதேமாதிரி வயரைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் விட்டு, அங்குலம் அங்குலமாக வளைத்து வளைத்து இழுத்துக்கொண்டு போனான்.

முக்கால்வாசி போனபிறகு விரல் நின்றது.

கறுப்பு றப்பரில் ஒரு சின்னத் துவாரம். வளைத்தால் வாயைத் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. அரை அங்குலம் தள்ளி இன்னொன்று. எலி கடித்தால் இப்படி இருக்காது. ஆணி கிழித்தாலும் இருக்காது. சவரப் பிளேட்டை எடுத்து அந்த இடத்தை நீளமாகக் கீறிப் பார்த்தான். மைக் வயருக்குள் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி ஒரு பின்னல் கம்பி, இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய உறை. சத்தம் நடுக்கம்பியில் போகும். பின்னல் நடுக்கம்பியில் முட்டினால் சத்தம் அந்த இடத்திலேயே முடிந்தது. உறையில் இரண்டு பக்கமும் துவாரம், நடுக்கம்பியில் புதுச் சுரண்டல்.

யாரோ ஊசி குத்தியிருக்கிறார்கள். குத்தினால் மைக் சாகும், ஊசியை இழுத்தால் பிழைக்கும், பிறகு எந்த மீற்றரும் ஒன்றும் சொல்லாது. இரண்டு ஞாயிறு, இரண்டு துவாரம்.

யூட்சன் வயரை மடியில் வைத்துக்கொண்டு பேயறைந்தவன் மாதிரி இருந்தான். உப்புக்காற்று என்று நினைத்தான், விதி என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தான். கோயிலுக்குள், பூசை நடக்கும்போது, ஒரு மனிசக் கை இதைச் செய்யும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

பிறகு கோபம் வந்தது. கோபம் வந்ததும் ஆளும் கிடைத்தாள். அந்த இடம் பாடகர் குழுவின் முன் வாங்குக்குக் கீழே வருகிற இடம். அந்த வாங்கின் கரையில் இருந்து பாட்டுக்கு ஓகன் வாசிப்பவள் நிறஞ்சனா. அனிஸ்ரனுக்கு முதலில் பேசி, சரிவராமல் விட்ட இடம் அவளுடையது. யூட்சனுக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. 'பார் அவளை. பாடுறது தேவ கீதம், செய்யிறது இது' என்று பல்லைக் கடித்தான். ஒரு குற்றவாளியைக் கண்டுபிடிப்பதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அவனுக்கு முன்பு தெரியாது.

தாயிடம் சொல்லவில்லை. பாதரிடமும் சொல்லவில்லை. பாடகர் குழு பாட்டுப் பழகுவதற்கு வரமுன்னம் கோயிலுக்குப் போனான். புது வயர் ஒன்றை வாசகமேடையில் இருந்து எதிர்ப்பக்கச் சுவரோரமாக, சூசையப்பர் சுரூபத்துக்குப் பின்னால், கம்பளத்துக்குக் கீழே விட்டு அம்பிளிபயரில் கொழுவினான். வெட்டின இடத்தில் கறுப்பு ரேப் சுற்றிப் பழைய வயரைப் பழைய இடத்திலேயே, பாட்டுக்காரரின் காலடியில் போட்டான். அதன் இரண்டு நுனியும் எதிலும் கொழுவவில்லை, சும்மா வெறும் வயர். குத்துகிறவள் அதில் ஆயிரம் ஊசி குத்தட்டும். மைக் சாகாது. அவள் குத்துவதை இவன் பின்னறைக் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று பார்ப்பான். கையும் களவுமாகப் பிடித்து, பூசை முடிந்ததும் சனத்துக்கு முன்னால் நிறுத்துவான். அவள் முகம் எப்படிப் போகும் என்பதைக்கூட அன்றைக்கே நினைத்துப் பார்த்து வைத்துக்கொண்டான்.

மூன்றாம் ஞாயிறு கோயில் நிரம்பி வழிந்தது. பூசைக்கு வராதவர்களும் வந்திருந்தார்கள். மைக் வேலை செய்யுமா செய்யாதா என்று பார்க்கிற ஆசை. மூன்றாவது வாங்கில் அனிஸ்ரன் தாயோடு இருந்தான். மணிக்கோபுரத்தில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கரில் பூசைப்பாட்டு ஊருக்கு அப்பால் களப்புத் தண்ணீர்வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. யூட்சன் செய்த வேலை சுத்தமான வேலை. பாதர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

நற்கருணை முடிந்தது. பாதர் வாசகமேடைக்கு வந்தார். யூட்சன் சீலையைச் சற்று விலக்கி, நிறஞ்சனாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"திருமண அறிவித்தல்."

நிறஞ்சனா பாட்டுப் புத்தகத்தை மூடி ஓகனின் மேல் வைத்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பாதரைப் பார்த்தாள். அசையவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள்தான் தோள்பட்டைக்குக் கை கொண்டுபோனாள். சேலையில் குத்தியிருந்த பின்னைக் கழற்றினாள். முகம் துடைக்கிற லேஞ்சி விழுந்ததுபோல் குனிந்தாள்.

அது ஆன்சலா.

இல்லை, இது வேறு ஏதோ, லேஞ்சி உண்மையாகவே விழுந்திருக்கிறது என்று யூட்சன் தனக்குத்தானே சொன்னான். தங்கச்சியின் விரல்கள் வயரைத் தேடிப் பிடித்து, பெருவிரலால் பின்னை அழுத்தி உள்ளே இறக்கின. எத்தனையோ தரம் செய்து பழகிய கை மாதிரி இறக்கின. பிறகு அவள் தலையை நிமிர்த்தி, சத்தம் நிற்பதற்காகக் காத்திருந்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

"இந்தப் பங்கைச் சேர்ந்த, காலஞ்சென்ற யோசெப்பினதும் புனிதமலரினதும் மகள் ஆன்சலாவுக்கும்..."

அவள் பாதரைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். பின்னை இழுத்து இன்னொரு இடத்தில் குத்தினாள். சத்தம் நிற்கவில்லை. இன்னொரு இடத்தில் குத்தினாள். பின் இல்லாத சேலைத் தலைப்பு தோளை விட்டு வழுகி விழுந்தது, அதை அவள் பிடிக்கவும் இல்லை. நிறஞ்சனா திடுக்கிட்டுத் திரும்பி, "என்னடி செய்யிறாய்?" என்பதுபோல் அவள் கையைப் பிடித்தாள். ஆன்சலா கையை உதறிவிட்டு மறுபடி குத்தினாள். பாதரின் குரல் மணிமணியாக, ஒரு எழுத்துத் தேயாமல், கோயிலுக்குள்ளும் கோயிலுக்கு வெளியிலும் கேட்டுக்கொண்டே இருந்தது. அனிஸ்ரனின் பெயர் கேட்டது. அவன் தாய் தகப்பன் பெயர் கேட்டது. சனத்தின் முகத்தில் சிரிப்பு வந்தது. புனிதமலர் நெஞ்சில் சிலுவை போட்டா.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற யூட்சனுக்கு அப்போதுதான் அந்தப் பின்னேரம் ஞாபகம் வந்தது. கலியாணம் பேசிய புதிது. அவன் முற்றத்தில் ஒரு ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தான். அவள் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்."

"ஏனாம்?"

"அவர் ஒவ்வொரு நாளும் போனைக் காட்டச் சொல்லிக் கேக்கிறார். ஆரோட கதைச்சனி, ஏன் கதைச்சனி எண்டு. வீடியோவில எடுத்து அறையைச் சுத்திக் காட்டச் சொல்லுறார். கொயருக்குப் பாடப் போகவேண்டாமாம். நேற்று, 'கலியாணம் முடியட்டும், உன்னைத் திருத்திறன்' எண்டவர். எனக்குப் பயமாக் கிடக்கு."

யூட்சன் என்ன செய்தான்? சிரித்தான். வாய் நிறையச் சிரித்தான். "உன்னில அவ்வளவு விருப்பம் அவனுக்கு. எனக்குத் தெரியாத அனிஸ்ரனே?" என்றான். "அந்தக் கம்பிக் குறட்டை எடுத்துத் தா" என்றான். அவள் குறட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு பாதர் சம்மதம் விசாரித்த அன்றைக்கு, தாய் ஒரு பக்கமும் தமையன் ஒரு பக்கமும் கதிரை போட்டு இருக்க, "விருப்பமோ பிள்ளை?" என்ற கேள்விக்கு "ஓம்" என்றாள். யூட்சன் அந்தப் பின்னேரத்தை மறந்தே போனான். இவ்வளவு நாளும் அது ஒரு கதை என்றுகூட அவன் கணக்கெடுக்கவில்லை.

சொல்லிப் பயனில்லை என்று கண்ட பிறகுதான், அவன் வயர் ஒட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் சேலைப் பின்னை எடுத்திருக்கிறாள். சனத்தின் காதில் விழாவிட்டால் செல்லாது என்று ஊரோடு சேர்ந்து அவளும் நம்பியிருக்கிறாள். அந்த ஒரு ஓட்டையையும் அவன் தன் கையாலேயே, கம்பளத்துக்குக் கீழே புது வயர் விட்டு அடைத்துவிட்டான்.

"இது மூன்றாவதும் கடைசியுமான அறிவித்தல்" என்றார் பாதர். "இத்திருமணத்துக்கு ஏதாவது தடை இருப்பதாக அறிந்தவர்கள், அதைப் பங்குத்தந்தைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

எத்தனையோ கலியாணத்துக்கு யூட்சன் இந்த வரியைக் கேட்டிருக்கிறான். சத்தம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பான், வரியைக் கேட்டதில்லை. இன்றைக்கு அது நேராக அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டமாதிரி இருந்தது. ஆன்சலா குத்துவதை நிறுத்திவிட்டாள். பின்னைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு இருந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவனால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். பீடத்தைக் கடந்தான். பாதர் தாளை மடித்துக்கொண்டிருந்தார். காதோடு சொல்லவேண்டும், அவ்வளவுதான் அவன் நினைப்பு. மற்றதைப் பின்னறையில் வைத்து ஆறுதலாகச் சொல்லலாம். வாசகமேடையில் சாய்ந்து, பாதரின் காதுக்கு வாயைக் கொண்டுபோய், ஒரு பூனை நடக்கிற சத்தத்தில் சொன்னான்:

"பாதர், ஒரு தடை இருக்கு."

"பாதர், ஒரு தடை இருக்கு" என்று கோயிலின் நாலு ஸ்பீக்கரும் சொல்லின. மணிக்கோபுரத்துக் கூம்பு களப்புக்குச் சொன்னது.

பதினைந்து வருடம் ஊர் முழுக்க மைக் கட்டினவன், மைக்குக்குப் பக்கத்தில் நின்று குசுகுசுத்தான். தன் குரலைத் தானே கேட்டு அவன் விறைத்துப்போனான். வாங்குகளில் இருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. பிறகு ஒரு குழந்தை அழுதது. புனிதமலர் எழும்பி நின்று "யூட்சன்!" என்றா. மூன்றாவது வாங்கில் அனிஸ்ரன் எழும்பினான்.

"என்னடா கதைக்கிறாய்? மைக்கை நிப்பாட்டடா!" அவன் கண்ணும் பல்லும் இருந்த விதத்தை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

பாதர் மைக்கைக் கையால் பொத்தினார். யூட்சன் அந்தக் கையைப் பிடித்தான்.

"எடுங்கோ பாதர், கையை. சனம் கேக்கட்டும். தங்கச்சிக்கு இந்தக் கலியாணம் விருப்பமில்லை."

"என்ன சொல்லுறீர்?" பாதர் அவன் பக்கம் திரும்பினார். "எனக்கு முன்னால இருந்து ஓம் எண்டு சொன்ன பிள்ளை. நீரும் பக்கத்தில இருந்தனீர்."

"நானும் அம்மாவும் பக்கத்தில இருந்தபடியாத்தான் ஓம் எண்டவள்."

"அப்ப விருப்பமில்லை எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

யூட்சன் பாட்டுக்காரரின் வாங்கைப் பார்த்தான். தலைப்பு விழுந்து, கையில் திறந்த பின்னோடு, ஆன்சலா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் எப்போது எழும்பினாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

"அவள்தான் சொன்னவள், பாதர். எனக்கு முன்னால வந்து நிண்டு, வாயால சொன்னவள். பயமாக் கிடக்கு எண்டு சொன்னவள். நான் சிரிச்சனான்."

"ஓம் பாதர்" என்றாள் ஆன்சலா. அவளுக்கு முன்னால் மைக் இருக்கவில்லை. கடைசி வாங்கில் இருந்தவருக்கும் கேட்டது. "சொன்னனான்."